காட்சியுங் கருவியும்

அறிவுடைப் பொருளாகிய உயிர், கருவிகளோடு கூடியன்றி ஒன்றனையும் அறியமாட்டாதென்பது சைவசித்தாந்த நூல்களின் துணிபு. கண் முதலிய பொறிகளும், மனம் முதலிய அந்தக்கரணங்களும், கலை வித்தை முதலிய உட்கருவிகளும் தத்தந் தொழிலைச் செய்தவழியே உயிர்க்குக் காட்சி நிகழும். அவை தொழிலொழிந்தவழி, ஆழ்ந்த உறக்கத்திற்போல, உயிர் உளதாயினும் அறிவின்றிக் கிடக்கும். இதனை மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து மூன்றாம் நான்காஞ் சூத்திரங்களில் வைத்து நிறுவினார். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் அளவையியலிற் காட்சியின் வகைகளைப் பகுத்துரைத்தார்.

இக்காலத்து உடற்கூற்று நூலாரும் இதனோடு ஒருபுடை ஒத்த செய்தியொன்றைக் கூறுகின்றனர். மனிதன் காணும் உலகம், புறப்பொருள் அப்படியே கண்வழிப் புகுந்து பதிந்ததன்று. கண் தருஞ் சில குறிகளைக் கொண்டு மூளையினால் ஆக்கிக் கொள்ளப்படுவது என்பது அவர் கூற்று. இதனைக் கேட்டார் சிலர், 'அங்ஙனமாயின் உலகம் வெறுந் தோற்றமே' என்று மாயாவாதத்தின்பாற் சாய்கின்றனர். வேறு சிலர், 'மூளையே அறிவது. உயிரென வேறொன்று வேண்டா' என்று உலகாயதத்தின்பாற் சாய்கின்றனர். ஒரே செய்தியினின்று ஒன்றற்கொன்று மாறான இரண்டு முடிபுகள் எடுக்கப்படுதலின், அச்செய்திதான் யாதென்பதனை நின்று நோக்குதல் இன்றியமையாததாயிற்று.

கி.பி. 1688-ஆம் ஆண்டில், அயர்லாந்து தேயத்து டப்ளின் நகரத்தவராகிய வில்லியம் மொலினோ என்பார், ஆங்கிலநாட்டுத் தத்துவ நூலாராகிய ஜான் லாக் என்பவரை நோக்கி ஒரு வினா எழுப்பினார். மொலினோவின் மனைவியார் கண்ணொளி இழந்தவர். பிறவிக் குருடன் ஒருவன், உருண்டை ஒன்றனையும் சதுரக்கட்டை ஒன்றனையும் கையாற்றடவி வேறுபாடு அறிந்திருக்கின்றான். அவன் பின்னர்க் கண் பெற்றானாயின், அவ்விரண்டனையுந் தொடாது கண்ணால் நோக்கிய அளவிலே, இஃது உருண்டை, இது சதுரக்கட்டை என்று கூறவல்லனோ என்பதே அவ்வினா. லாக் இதனைத் தம் பெருநூலின் 1694-ஆம் ஆண்டைய இரண்டாம் பதிப்பிற் சேர்த்துக்கொண்டார். கூறமாட்டான் என்பதே வினாவினார்க்கும் விடையிறுத்தார்க்கும் ஒத்த கருத்தாயிருந்தது.

இது வெறுங் கற்பனை வினாவென்று எண்ணப்பட்டுக் கிடந்தபோது, 1728-ஆம் ஆண்டில் வில்லியம் செசெல்டன் என்னும் ஆங்கில மருத்துவர், பதின்மூன்று பதினான்கு வயதினனாகிய சிறுவன் ஒருவனுக்குக் கண்ணிலிருந்த புரையை அகற்றிய வரலாற்றை வெளியிட்டார். அச்சிறுவன் கண் பெற்றவுடன், தான் காணும் பொருள்களெல்லாந் தன் கண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பனவாகக் கருதினான். சேய்மை அண்மை அவனுக்குப் புலப்படவில்லை. வீட்டிலிருந்த பூனையையும் நாயையும் அவனுக்குப் பலமுறை காட்டிப் பெயர் சொல்லியும், மறுமுறை நோக்கும்போது எது பூனை எது நாய் என்று மறந்துவிடுவான். கேட்டற்கு நாணி ஒருநாள் பூனையைப் பிடித்துக் கையாற்றடவி, அதனையே உற்று நோக்கி, இனி உன்னை அறிவேன் என்னுங் கருத்துப்பட அதனோடு பேசி விடுத்தான் என்று அம்மருத்துவர் எழுதுகின்றார். பின்னர் ஓவியங்களைக் கண்டு, அவற்றிற் புடைத்துத் தோன்றும் பகுதி கைக்குத் தட்டையாயிருத்தலை யறிந்து வியந்து, பொய் சொல்வது கண்ணோ கையோ என்று வினாவினான். ஒரு சிறுவனின் வாயில் அளவையியலின் தலையாய வினா அங்ஙனம் பிறந்தது.

மொலினோ வினாவிற்கு முறையான சோதனையால் விடை கண்டது நம் பாரதநாட்டிலே என்பது குறிப்பிடத்தக்கது. பிறவியிலேயே புரையாற் பார்வையிழந்து, வறுமை முதலியவற்றான் மருத்துவம் பெறாது வளர்ந்த சிறார்க்குக் கண்ணளித்தலும், அவர்தம் பார்வை உருவாகுமாற்றை ஆராய்தலுமாகிய இரண்டனையும் ஒருங்கு மேற்கொண்டது, மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டம். 2011-ஆம் ஆண்டில் அவரும் ரிச்சர்டு ஹெல்டு முதலியோரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், எட்டு முதற் பதினேழு வயதுவரையுள்ள ஐவர் சோதிக்கப்பட்டனர். கையால் தொட்ட வடிவைக் கையாலேயே மீளத் தெரிதலில் நூற்றுக்கு 98 பங்கும், கண்ணாற் கண்டதனைக் கண்ணாலேயே மீளத் தெரிதலில் நூற்றுக்கு 92 பங்கும் அவர் விடை சரியாயிருந்தது. கையாற் றொட்டதனைக் கண்ணாற் றெரிதலிலோ நூற்றுக்கு 58 பங்கேயாயிற்று. இரண்டிலொன்றைக் கண்மூடிக்கொண்டு சுட்டினாலும் பாதி சரியாகுமன்றே. ஆகலின் இஃது அறிந்து கூறியதென்று கொள்ளற்பாலதன்று. ஆயினும் சின்னாள் கழித்து மீளச் சோதிக்கப்பட்டார்பால் இப்பொருத்தம் பெரிதும் உயர்ந்து காணப்பட்டது. அவ்விடைக்காலத்தில் அவர்க்கு இதற்கெனப் பயிற்சி யாதும் அளிக்கப்படவில்லை. கண்டுந் தொட்டும் உலகில் நடமாடியதே பயிற்சியாயிற்று.

இனி இதனைச் சித்தாந்த நூன்முறையில் வைத்து நோக்குவாம். பொறியொவ்வொன்றும் தன் தன் புலனையே பற்றும். கண் பரிசத்தை அறியாது, மெய் உருவத்தை அறியாது. 'கையாற் றொட்ட அதுவே கண்ணாற் காணப்படும் இது' என்னும் ஒருமையுணர்வு கண்ணுக்குமில்லை, கைக்குமில்லை. ஐம்புலனையும் ஒருங்கறியும் ஒன்று அவற்றின் வேறாய் உண்டென்பது மூன்றாஞ் சூத்திரத்து ஏதுக்களுள் ஒன்று. கண்ணுடையார்க்கு இவ்விரண்டு உணர்வும் பிறந்த நாள்தொட்டுப் பின்னிக்கிடத்தலின், அவை வேறென்பதே தோன்றாது. புரை நீங்கிய சிறாரிடத்து அவை பிரிந்து நிற்றல் கண்கூடாயிற்று.

அன்றியும், கண் திறந்தவுடன் அவர் பெற்றது வாயிற்காட்சி மாத்திரமே. உருவம் ஒன்று தோன்றுகின்றது என்னும் அளவாய், பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் விகற்பம் இன்றி நிற்பது அது. நூலார் நிருவிகற்பம் என்பர். மனம் அதனைப் பற்றி, முன்னறிந்ததனோடு கூட்டிப் புத்தி நிச்சயித்தவழியே 'இது பூனை' என்னும் மானதக்காட்சியாம். நிருவிகற்பக் காட்சி ஒரு நொடியும் நில்லாது சவிகற்பமாய் விடுதலின், அங்ஙனம் ஒன்று உண்டோ என்று மாணாக்கர் ஐயுறுதல் இயல்பு. பூனையைக் கண்டும் பூனையென்று அறியாது நாட்கணக்காய் நின்ற அச்சிறுவன் அவ்வையத்தைத் தீர்க்கின்றான்.

மூன்றாஞ் சூத்திரத்து இறுதியில் நிற்கும் ஏது ஒன்று இவ்விடத்து நினைக்கத்தக்கது. உயிர் தானே எல்லாம் அறிவதன்று, அறிவிக்க அறிவது என்பதே அது. கண் பழுதற்றவுடன் முழுக்காட்சியும் எய்தியிருக்குமாயின் இவ்வேதுவிற்குக் காட்டுப் பெறுதல் அரிதாயிருக்கும். கண் வந்தும் காணக் கற்பிக்கப்படவேண்டியிருந்தது. கற்பித்தவழி உயிர் கற்றுக்கொண்டது.

கண் மாத்திரம் காட்சிக்குப் போதாதென்பதற்கு எதிர்ப்புறத்தினின்றும் சான்றுண்டு. 1904, 1905-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த உருசிய சப்பானியப் போரிற் பின்றலையிற் குண்டு பாய்ந்து உயிர் பிழைத்த படைஞர் பலரைத் தட்சுஜி இனோயே என்னுஞ் சப்பானியக் கண்மருத்துவர் சோதித்து, 1909-ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டார். அவர்கட்குக் கண்ணில் யாதொரு புண்ணுமில்லை. ஆயினும் மூளையின் பின்பகுதியில் எவ்விடம் சிதைந்ததோ அவ்விடத்திற்கேற்பப் பார்வைப்பரப்பில் ஒரு கூறு இல்லையாயிற்று. கண் செவி முதலிய உறுப்புக்கள் இந்திரியங்களுக்கு இடமாவனவன்றித் தாமே இந்திரியமாகா என்று நம் ஆசிரியர் கூறுவது இதனோடு இயைவது. ஆயின், இதுகொண்டு மூளையின் பின்பகுதியே கண்ணிந்திரியம், முன்பகுதியே புத்தி என்று இடங்குறித்துப் பெயரிட முற்படுதல் பிழையாம். மூளை தூலவுடம்பின் உறுப்பு, பூதகாரியம். இந்திரியங்களும் அந்தக்கரணங்களும் சூக்குமமானவை. கண்ணிற்கு விழி இடமாதல்போல மூளையும் ஓர் இடமென்று கூறலாமேயன்றி, முப்பத்தாறு தத்துவங்களையும் மண்டையோட்டினுள் வரிசையாய் நிறுத்தும் படங்கள் நூலறிவிற்கும் பயன்படா, மருத்துவத்திற்கும் பயன்படா.

மூளை இட்டுநிரப்பும் செயலுக்கு எளிய சான்றொன்றை எவரும் தம் வீட்டிலிருந்தே கண்டுகொள்ளலாம். வெள்ளைத்தாளில் மூன்றங்குல இடைவெளி விட்டு இடப்புறம் ஒரு கூட்டற்குறியும் வலப்புறம் ஒரு கரும்புள்ளியும் இடுக. இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் இடப்புறக் குறியையே நோக்கிக்கொண்டு, தாளை ஓரடித் தொலைவினின்று மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துக. ஒரு தொலைவில் வலப்புறப் புள்ளி மறைந்துவிடும். விழித்திரையிலிருந்து நரம்புக்கற்றை மூளைக்குச் செல்லும் இடத்தில் ஒளியைப் பற்றும் உறுப்பு இல்லாமையே இதற்குக் காரணம். பிரெஞ்சு நாட்டு எட்மே மரியாட் என்பார் 1668-ஆம் ஆண்டில் இதனை அறிவித்தபோது கற்றோர் பெரிதும் வியந்தனர். அதற்கு முன் வாழ்ந்த எண்ணிறந்த மக்கட்கும் இக்குருட்டிடம் இருந்தது, ஒருவரும் அறிந்திலர்.

இதில் வியப்பு, புள்ளி மறைதலன்று. மறைந்த இடம் கருநிழலாய்த் தோன்றாமல், சுற்றியுள்ள தாளின் வெண்மையே அங்கும் பரந்திருப்பதாகத் தோன்றுதலே வியப்பு. காணாமை நிகழ்கின்றது, காணவில்லை என்னும் உணர்வோ நிகழவில்லை. உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் இருண்மலத்தினியல்பு கூறும்போது, புறவிருள் பிறபொருளை மறைப்பினும் தன்னையேனும் காட்டும் என்றும், ஆணவமோ பொருளையும் காட்டாது தன்னையும் காட்டாதென்றும் வேறுபடுத்தினார். பயில்வோர்க்கு இவ்விடம் கடினமாகத் தோன்றும். 'மறைப்பதொன்று இருக்குமாயின் மறைப்பென்றேனும் தெரியாதோ' என்பது அவர் தடை. மேற்கூறிய தாளைக் கையிலெடுத்து நோக்கியவர்க்கு, மறைப்பதொன்று தன்னை மறைப்பென்று காட்டாமலே மறைத்தல் கூடுமென்பதேனும் ஐயமின்றி விளங்கும்.

இனி மாயாவாதி கூற்றை நோக்குவாம். இல்லாத வெண்மையை மூளை இட்டுநிரப்பியதாயின், உள்ளதாகத் தோன்றும் ஏனையவும் அவ்வாறே இட்டுநிரப்பப்பட்டனவென்று ஏன் கொள்ளலாகாது என்பன் அவன். செர்மானியப் பேரறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1867-இல் முற்றுப்பெற்ற தம் ஒளிநூலில், காட்சியென்பது நாம் அறியாமலே நிகழும் அநுமானம் போல்வது என்று உரைத்ததும் அவனுக்குத் துணையாகத் தோன்றும்.

அற்றன்று. மூளை புனைகின்றது என்று கூறுவோன் மூளையை எங்ஙனம் அறிந்தான்? கண்ணாற் கண்டும் கருவியாற் சோதித்தும் அறிந்தானன்றே. காட்சி முழுவதும் புனைவாயின், காட்சியாலறியப்பட்ட மூளையும் புனைவாய் முடியும். முடியவே, அதனைக் காரணமாகக் காட்டி உலகைப் பொய்யென்றல் தன் கோளைத் தானே மறுத்தலாம். மேலும், குருட்டிடத்து வெண்மை பொய்யென்பது எவ்வாறு தெளியப்பட்டது? தாளை நகர்த்தியும் மற்றைக் கண்ணைத் திறந்தும் மீளக் கண்டதனால் தெளியப்பட்டது. திரிபுக்காட்சியைத் திரிபென்று காட்டுவதும் மெய்க்காட்சியே. ஐயமுந் திரிபும் நீங்கியதே அளவையாகிய காட்சியென்று சித்தியார் வரையறுத்தது, ஐயமுந் திரிபும் நிகழ்வதை ஆசிரியர் அறிந்தமையாலன்றோ?

இதற்கு வேறொரு சோதனையும் துணைசெய்யும். அமெரிக்க நாட்டு ஜார்ஜ் ஸ்டிராட்டன் என்பார், பொருள்களைத் தலைகீழாகவும் இடவலம் மாறியும் காட்டும் கண்ணாடியை ஒரு கண்ணில் அணிந்து மறுகண்ணை மறைத்து எட்டு நாள் வாழ்ந்து, அவ்வநுபவத்தை 1897-ஆம் ஆண்டில் வெளியிட்டார். முதனாளில் எடுக்க நீட்டிய கை எதிர்ப்புறஞ் சென்றது, நடத்தல் இடர்ப்பாடாயிருந்தது. நாட்செல்லச் செல்லக் கண்ணுங் கையும் இசைந்தன. இறுதியில் அவர் தடுமாற்றமின்றி இயங்கினார். கண்ணாடியைக் கழற்றியபின் சிறிதுபொழுது மீண்டும் தடுமாறினார். உலகம் காண்பான் புனைந்ததேயாயின், கை எதிர்ப்புறஞ் சென்றபோது அங்கே பொருளில்லாமற் போனதேன்? புனைவோன் தான் நீட்டிய இடத்திலேயே பொருளைப் புனைந்துகொள்ளத் தடையென்னை? கண் திருந்தவேண்டியிருந்தது, பொருள் இருந்த இடத்திலேயே இருந்தது. உலகம் உள்பொருளென்னுஞ் சித்தாந்தத்திற்கு இவ்வெட்டு நாட்களும் மாறாவன அல்ல.

ஆயினும் நிறத்தைப்பற்றி ஒரு தடையுண்டு. அதனை மறைத்துச் செல்லுதல் நேர்மையன்று. ஏறக்குறைய 580 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒரு தனியொளி மஞ்சளாகத் தோன்றும். சிவப்பொளியையும் பச்சையொளியையும் தக்க அளவிற் கலந்தாலும் அதே மஞ்சள் தோன்றும். புறத்தே வேறுபட்டன இரண்டு, கண்ணுக்கு ஒன்றாகின்றன. மனிதன் காண்பது ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியையே. தேனீ புறவூதா ஒளியைக் காணும், செந்நிறத்தைக் காணாது. செவியும் நொடிக்கு 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வையே பற்றும். வௌவால் அதற்கு மேற்பட்ட ஓசையை எழுப்பியும் கேட்டும் இருளிற் பறக்கும். ஆகவே, புறப்பொருள் எவ்வாறுளதோ அவ்வாறே முழுதும் காட்சியில் வருகின்றது என்று கூறுவார்க்கு இவை பெருந்தடையே.

சித்தாந்திக்கோ, முழுதும் வருகின்றது என்று கூறவேண்டிய கடப்பாடில்லை. மாயாகாரியமாகிய கருவிகள் ஆணவவிருளில் விளக்குப்போல்வன என்பது நூற்கொள்கை. விளக்கு, தன் ஒளி சென்ற எல்லையளவே காட்டும். காட்டியது பொய்யன்று, காட்டாதது இல்பொருளுமன்று. தேனீயின் விளக்கு வேறு, மனிதனின் விளக்கு வேறு. கன்மத்திற்கேற்ப அவ்வவ்வுடம்பிற்கு அமைந்தவை அவை. உருவத்தைத் தேயுவின் குணமெனக் கூறும் நூல்வழக்கினை அலைநீளக் கணக்கோடு ஒட்டவைத்தல் எளிதன்று. ஒட்டவைத்தே தீரவேண்டுமென்பதும் இல்லை. பூதங்களின் பகுப்பைக் குறித்து இன்றைய பௌதிகம் வேறு கூறுமாயின் அதனை அவ்வாறே கூறவிடலாம். கருவியளவாய்ப் பொருள் விளங்குமென்னும் அடிப்படை அதனால் அசைவதில்லை.

உலகாயதன் கூற்று இதனினும் வலியது. மூளை சிதைந்தவழிப் பார்வை சிதைகின்றது, நினைவு சிதைகின்றது, குணமும் மாறுகின்றது; ஆதலின் அறிவது மூளையே என்பன். இதற்கு விடையிறுக்கும்போது சைவர் சிலர் சினங்கொள்வதும், சிதைவுகளை மறுக்க முயல்வதும் வேண்டாதன. கருவி கெட்டவழி உயிர்க்கு அறிவு நிகழாதென்று முன்னரே கூறியவர் நாமே. யாழ் நரம்பறுந்தவழி இசை நின்றது. அதனால் யாழே பாணன் என்பது பெறப்படாது. அஃது அங்ஙனமாக, இதனால் பாணன் உளனென்பதும் பெறப்படாதென்பதனை உடன்பட்டேயாகவேண்டும். மூளைச்சிதைவு இருதிறத்தார் கொள்கைக்கும் ஒப்பப் பொருந்துவது. மூளையாராய்ச்சி சித்தாந்தத்தை நிறுவிவிட்டதென்று மேடைதோறும் முழங்குவோர், நாளை அவ்வாராய்ச்சி வேறு கூறுமாயின் சித்தாந்தமும் வீழ்ந்ததென்று ஒப்புக்கொள்ளவேண்டி வரும்.

நிறம், வடிவு, இயக்கம் ஆகியவை மூளையின் வெவ்வேறு பகுதிகளிற் பெரும்பாலும் தனித்தனியே ஆராயப்படுகின்றன என்பது தெளிந்த செய்தி. அவை 'ஓடுகின்ற செந்நிறப் பசு' என்று ஒரே காட்சியாய் எங்ஙனம் கூடுகின்றன என்பது அந்நூலாரிடத்தே இன்னும் ஆராயப்படும் வினா. இவ்வினா விடையின்றி நிற்றலை உயிருண்மைக்குச் சான்றாகக் கொள்ளுதலும் தகாது. விடை கிடைத்த நாளில் அச்சான்று அழியும். கூடும் வழி இன்னதென்று கண்டாலும், கூடியதனைத் தனக்கு இன்பமென்றும் துன்பமென்றும் நுகர்வான் யாவன் என்னும் வினா வேறாய் நிற்கும். அராகம் முதலிய தத்துவத்தோடு கூடிய உயிர்க்கு இன்பதுன்பம் புலப்படுவதனைத் தன்வேதனைக்காட்சி என்று சித்தியார் தனியே எண்ணியது இக்கருத்துப்பற்றி. உயிருண்மைக்குரிய வழக்கு அவ்விடத்தில் நடத்தற்குரியது.

ஐந்தாஞ் சூத்திரத்தில் மெய்கண்டதேவர், பொறிகள் உயிரால் தொழிற்பட்டும் உயிரை அறியாதவாறுபோல, உயிரும் இறைவனால் அறிந்தும் அவனை அறியாதென்று கூறுகின்றார். இதற்கு மேற்கூறிய குருட்டிடம் வியத்தகு உவமையாய் அமைகின்றது. விழித்திரை முழுவதிலும் ஒளி பற்றாத இடம் அஃதொன்றே. கண்ட யாவும் உள்ளே செல்லும் வாயிலும் அதுவே. ஆயின் உவமை ஒருபுடையே கொள்ளற்பாலது. குருட்டிடத்தை அறிதற்கு ஒரு தாளும் இரண்டு குறியும் போதும். ஆணவத்தை அறிதற்கு அத்தகைய சோதனை யாதும் இல்லை. அது நீங்கத் தொடங்கியபின்னரே இருந்ததென்று தெரியவரும் என்பர் ஆசிரியர்.